ஒரு கை சர்க்கரை

என் மாமியாருக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் வீட்டுத் தட்டும் நம் வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பக் கூடாது. எதிர் வீட்டிலிருந்து சுண்டல் வந்தாலும் சரி, பக்கத்து வீட்டிலிருந்து நாலு முருங்கைக்காய் வந்தாலும் சரி, தட்டைக் கழுவித் துடைத்து, நடுவில் ஒரு கை சர்க்கரை போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அதற்கென்றே ஒரு சின்ன டப்பா தனியாக இருந்தது. காபிக்குச் சர்க்கரை இல்லாத நாளிலும் அந்த டப்பாவில் யாரும் கை வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் விஷயம் இதுதான்.

"இதெல்லாம் பைபிள்ல போட்டிருக்கா அத்தை?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு.

"எல்லாத்தையும் பைபிள்லயே போடுவாங்களா? மனுஷிக்குன்னு கொஞ்சம் அறிவு வேணாம்?" என்றார். முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். எந்தக் கேள்வி கேட்டாலும் கேட்டவரைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

இது அறுபதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில். நான் பல்லாவரத்துப் பெண். எங்கள் வீடு இந்து வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன்தான் எல்லாம். எழும்பூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். தினமும் மின்சார ரயில். அதே ரயிலில் தாம்பரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கிறிஸ்துவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவ்வளவுதான் கதை. இதில் பெரிய காவியம் ஒன்றும் கிடையாது.

அண்ணன் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "இன்னிலேருந்து உனக்கும் இந்த வூட்டுக்கும் குடுக்கல் வாங்கல் கெடையாது" என்றான். கடைக்காரன் வாடிக்கையாளரிடம் சொல்வது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. குடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் என்ன, நான் என்ன சீர்வரிசைக்கா ஏங்கிக் கிடக்கிறேன், கைநிறையச் சம்பாதிக்கிறேனே என்று நினைத்தேன். இருபத்து மூன்று வயதில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

ஞானஸ்நானம் எடுத்தேன். நெற்றிப் பொட்டை நானே ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளைப் புடவை கட்டி வேதக் கோயிலில் கல்யாணம். எங்கள் வீட்டில் பெண்ணுக்கு வெள்ளை கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நல்லவேளை அம்மா உயிரோடு இல்லை என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு மேசை பரிசுகளால் நிரம்பி வழிந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் மூன்று. என் பக்கத்து மேசையில் விரித்திருந்த துணி விரித்தபடியே இருந்தது. யாரோ ஒரு புத்திசாலி அந்த வெறும் மேசை மேல் ஒரு கடிகாரத்தை நகர்த்தி வைத்தார்கள். மாமியாராகத்தான் இருக்கும். அவரிடம் நான் கேட்டதில்லை.

அந்த வருஷத் தீபாவளி எனக்குத் தலை தீபாவளி. கிறிஸ்துவ வீட்டில் தலை ஏது, வால் ஏது! ஆனாலும் விடியற்காலையில் வெடிச் சத்தத்தில் விழித்து, வாசலில் போய் நின்றேன். எதற்கு நின்றேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பல்லாவரத்திலிருந்து யாராவது ஒரு பையோடு வரமாட்டார்களா என்றுதான். ஐந்து மணிக்கு எதிர் வீட்டு மாமி தட்டோடு வந்தாள். அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு. தெருவில் மற்ற வீடுகளுக்குப் போன தட்டில் ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் சீயக்காயும் இருந்தன. எங்களுக்கு வந்த தட்டில் இல்லை.

"உங்களுக்குதான் எண்ணெ ஸ்நானமெல்லாம் இல்லையே, அதான் பட்சணம் மட்டும்" என்றாள். மாமி நல்லவள். மனதில் ஒன்றும் வைத்துப் பேசவில்லை. இருபத்து மூன்று வருஷம் எண்ணெய் வைத்துக் குளித்த என் பண்டிகையை, எனக்குத் தெரியாத பண்டிகை போல, என் கையில் தந்துவிட்டுப் போனாள். நான் உள்ளே போய்த் தட்டைக் கழுவிச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றைக்குத்தான் இனி நான் யார் என்பது எனக்குப் புரிந்தது.

நவராத்திரியில் அதே கதை. மாமி வீட்டுக் கொலுவுக்குத் தெருப் பெண்கள் எல்லாரையும் கூப்பிடுவாள், என்னையும்தான். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ரவிக்கைத் துணி எல்லாம் எல்லாருக்கும் போல எனக்கும் உண்டு. குங்குமச் சிமிழ் மட்டும் என் முன்னால் வரும்போது ஒரு கணம் தயங்கி, என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். "உனக்கு வேண்டாம் இல்லையோ" என்று மாமி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

கிறிஸ்மஸுக்கு எங்கள் முறை. மாமியார் ஒரு வாரம் முன்பே அடுப்படியைக் கைப்பற்றிவிடுவார். மாவைச் சுருட்டிப் பொரிக்கிற கல்கல், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக். தெருவுக்கு இருபது தட்டு. ஒவ்வொன்றின் மேலும் பூவேலை செய்த துணி. யாருக்கு முதலில், யாருக்குக் கேக்கில் முட்டை இல்லாமல், யார் வீட்டில் சின்னக் குழந்தை, எல்லாம் அவர் தலையில் பதிந்திருக்கும். என் வீட்டுக்காரர், "அம்மா, நீ ஒரு போஸ்டாபீஸ்" என்று கிண்டல் செய்வார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். ஐந்தாவது வருஷத்துக்குள் எல்லாரும் என்னை "டீச்சரம்மா மருமக" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தினமும் ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் ரயில் பல்லாவரத்தில் நிற்கும். நான் மற்றப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள்கூட இறங்கியதில்லை.

எட்டாவது வருஷம் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, ஆஸ்பத்திரி, ஜெபம், எல்லாம் பார்த்தோம். பதினோராம் நாள் போய்விட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் மாமியாரும் நானும்தான் மிச்சம்.

நான் அழவில்லை. அழக் கூடாது என்றில்லை, வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னையே கிள்ளிப் பார்த்தேன். வந்த பெண்கள் என் நெற்றியைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள். அழிப்பதற்குப் பொட்டு இல்லை. அதை நான்தான் எட்டு வருஷத்துக்கு முன்பே அழித்தாயிற்றே. பாவம், அவர்களுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடும்மா, அழுதுடு" என்று கெஞ்சினாள். அவளுக்காகவாவது அழலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அடக்கம் முடிந்தது. சொந்தக்காரர்கள் போனார்கள். பதினாறாம் நாள் மத்தியானம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். அண்ணன் கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் மடித்த புதுப் புடவை.

எங்கள் வீட்டு வழக்கம் அது. புருஷன் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி போட வேண்டும். புதுத் துணி கொண்டுவந்து அவள் மேல் போர்த்துவார்கள். உனக்குப் பின்னால் பிறந்த வீடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எட்டு வருஷமாக நான் வாசலில் நின்று எதிர்பார்த்தது இதைத்தான். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. இதற்கு வந்திருக்கிறது.

மாமியாருக்கு இந்த வழக்கம் எதுவும் தெரியாது. பதினாறாம் நாள் என்றால் என்ன என்றுகூடத் தெரியாது. மருமகள் வீட்டு மனிதர்கள் முதல்முறையாக வாசல்படி ஏறியிருக்கிறார்கள், அதுவும் கையில் தட்டோடு. அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தார். துக்க வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம். அண்ணி முகம் சுருங்கியது. அண்ணன் உட்காரவில்லை.

அண்ணி புடவையை எடுத்து என் தோளில் போட்டாள். வெள்ளை, மெல்லிய கரும்பச்சைக் கரை. அண்ணன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "பொறந்த வூட்டுக் கோடி போடாம வுட்டா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவான். போட்டாச்சு. இதோட சரி."

நான் தலையை ஆட்டினேன்.

அதற்குள் மாமியார் காலித் தாம்பாளத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அத்தை, வேண்டாம், இது அந்த மாதிரித் தட்டு இல்லை என்று சொல்ல வேண்டும். சாவுக்கு வந்த தட்டில் எதையும் போட்டுத் திருப்பக் கூடாது, அதிலும் இனிப்பைப் போட்டால் இன்னொரு தடவை இதே போல வாருங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் மனதுக்குள் வரிசையாக ஓடுகிறது. கால் நகரவில்லை. தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. துடைத்துப் பளபளவென்று இருந்த தாம்பாளத்தின் நடுவில் ஒரு கை சர்க்கரையைக் குவித்து எடுத்துவந்து, இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினார்.

"போயிட்டு வாங்க தம்பி. அடிக்கடி வரணும்" என்றார்.

மகனைப் பறிகொடுத்துப் பதினாறு நாள் ஆன கிழவி. அண்ணனால் அவரிடம் என்ன பேச முடியும்? தட்டை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே எறும்புச் சாரை. ஒரு முழ அகலத்துக்கு மண்ணில் கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமியாரும் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "மழை வரப்போவுதோ என்னவோ" என்றார். உள்ளே போய்விட்டார்.

அந்தப் புடவையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார்தான் பிரித்துப் பார்த்து, "நல்ல புடவைம்மா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கட்டிக்கோ" என்றார். அவருக்கு வெள்ளை என்றால் கோயில் புடவை. கட்டிக்கொண்டு போனேன். நன்றாக இருக்கிறது, எங்கே எடுத்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். "பொறந்த வீட்டுல கொடுத்தாங்க" என்றேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு சுகமும் இல்லை, ஒரு வலியும் இல்லை.

அந்த வருஷ நவராத்திரிக்கும் மாமி கூப்பிட்டாள். குங்குமச் சிமிழ் என் முன்னால் வந்து, ஒரு கணம் தயங்கி, தாண்டிப் போனது. இந்தத் தடவை மாமி சிரிக்கவில்லை. அது எதற்காகத் தாண்டியது, முன்பு தாண்டிய காரணத்துக்கா, புதுக் காரணத்துக்கா என்று யோசித்துப் பார்த்தேன். மாமிக்கே தெரிந்திருக்காது. எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் வந்தது. துக்க வருஷம், எங்கள் வீட்டில் பலகாரம் கிடையாது என்று தெருவுக்கே தெரியும். ஆனால் இருபத்து நாலாம் தேதி காலையில் அடுப்படியில் எண்ணெய் வாசனை. மாமியார் ஒரே ஒரு தட்டுக்குக் கல்கல் பொரித்திருந்தார்.

"பல்லாவரம் போய்க் கொடுத்துட்டு வா. அவங்க புடவை கொடுத்திருக்காங்க. பதில் போகணும்."

"வேணாம் அத்தை. அதெல்லாம் அவங்க எதிர்பார்க்கல."

"எதிர்பார்த்தா கொடுக்கறதுக்கு இது என்ன கடையா? கெளம்பு."

போனேன். எட்டு வருஷமாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்த ஸ்டேஷனில் இறங்கினேன். கால் தானாகவே வழி கண்டுபிடித்தது. அண்ணிதான் கதவைத் திறந்தாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என் குரலைக் கேட்டதும் அதன் சத்தம் கூடியது. அண்ணன் உள்ளேதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். அண்ணி தட்டை வாங்கிக்கொண்டு போய், பலகாரத்தைக் கொட்டிக்கொண்டு, தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சுத்தமாகத் துடைத்த வெறும் தட்டு.

"ஒண்ணும் குடுத்து அனுப்பக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு" என்றாள் மெதுவாக. "குடுத்தா மறுபடியும் ஆரம்பிச்சிடுமாம். நான் இன்னா பண்றது, சொல்லு. தப்பா நெனச்சிக்காத."

"இல்ல அண்ணி" என்றேன்.

ரயிலில் அந்த வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். இறங்கியதும் மார்க்கெட் பக்கம் போய், ஒரு கடையில் கொஞ்சம் சர்க்கரை வாங்கினேன். தெருமுனையில் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டின் நடுவில் கொட்டிக் குவித்தேன். காகிதத்தைச் சாக்கடையில் போட்டேன்.

அத்தை மனது நோகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று சொன்னால் நல்லவளாகத் தெரியும். அது பொய். வெறும் தட்டோடு போனால், எனக்குப் பிறந்த வீடு இல்லை என்பது இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும். சர்க்கரையோடு போனால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமியார் தட்டை வாங்கிப் பார்த்தார். சர்க்கரையைத் தன் சின்ன டப்பாவில் கொட்டினார். "மனுஷங்கதான்" என்றார்.

அடுத்த டிசம்பரும் அதே தட்டு, அதே ரயில். அண்ணி கதவைத் திறந்தாள், ரேடியோ சத்தம் கூடியது, வெறும் தட்டு வந்தது. நான் சர்க்கரை வாங்கினேன். மாமியார் டப்பாவில் கொட்டினார். எனக்கு இதுவும் பழகிவிட்டது. மனுஷிக்கு எதுதான் பழகாது.

மூன்றாம் வருஷம் சர்க்கரைக்குப் பெரிய தட்டுப்பாடு. ரேஷன் கடையில் விடியற்காலையில் வரிசை நின்றாலும் பாதிப் பேருக்குக் கிடைக்காது. மார்க்கெட் கடைகளில் கேட்டால், "சர்க்கரையா? பேரையாவது ஞாபகம் வெச்சிக்கீறியே, சந்தோஷம்" என்று நக்கல் செய்தார்கள். இருபத்து நாலாம் தேதி காலையில் தட்டோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் யோசனை எல்லாம் அதுதான். வெறும் தட்டோடு எப்படித் திரும்பி வருவது, என்ன பொய் சொல்வது.

"இரு" என்றார் மாமியார்.

உள்ளே போனார். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்தார்.

"என்ன அத்தை இது?"

"கடையில ஏது இப்ப சர்க்கரை? அலையாத. வரும்போது தெருமுனையில கொட்டிக்கோ."

எனக்கு ஒன்றும் புரியாத மாதிரி நின்றேன். அவர் என் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, பாடம் சொல்லும் குரலில் சொன்னார்:

"ரெண்டு வருஷமும் குவிச்ச சர்க்கரை குவிச்சபடியே வருது. பல்லாவரத்துலேருந்து ரயில்ல ஆடிக்கிட்டு வந்த சர்க்கரை அப்படியா இருக்கும்? இன்னிக்காவது கொஞ்சம் கலைச்சுக் கொண்டா."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டு மடியில் இருந்தது. முதலில் அது என்ன சத்தம் என்றே எனக்குத் தெரியவில்லை, அப்புறம்தான் அது நான் என்று தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கூடத்தில் என் வீட்டுக்காரரைக் கிடத்தியிருந்தபோது வந்திருக்க வேண்டிய அழுகை. எதிர் வீட்டு மாமி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். பல்லாவரத்துக்காகவும் அழுதேன், அவருக்காகவும் அழுதேன், எது எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. மாமியார் என் பக்கத்தில் உட்காரவில்லை, தலையைத் தடவவில்லை. மடியிலிருந்து தட்டை மட்டும் எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கண்ணீர் பட்டால் கல்கல் நமத்துவிடும்.

நான் ஓயும்வரை நின்றார். பிறகு தட்டைத் திரும்ப என் கையில் கொடுத்தார்.

"மூஞ்சியக் கழுவிக்கிட்டுக் கெளம்பு," என்றார். "ரயில் போயிடும்."